சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே

"அம்மா, நீங்களும் ஓட்டுப் போடுறதில்லை, நானும் போடுறதில்லை. ரெண்டும் ஒண்ணுதானா?"

நல்லபெருமாள் கேட்டார்.

சாலையம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். ஈர விறகு. புகை கண்ணைக் கரித்தது.

"கஞ்சிக்கு உப்புப் போட்டாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்லை."

"போடுங்க."

போட்டார்.

மலையடிவாரத்தில், சந்தைக்குப் போகிற பாதை திரும்பும் இடத்தில் இருந்தது அந்தத் தருமசாலை. தகரக் கூரை, மண் சுவர், ஒரு பெரிய அடுப்பு. பசித்து வந்தவர்களுக்குப் பகலில் கஞ்சி ஊற்றுவார்கள். எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று கேட்பதில்லை.

அதை நடத்தியவள் பெயர் தவமணி. அந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. சாலையம்மா என்றால்தான் தெரியும். நல்லபெருமாளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் அவளைத்தான் அவர் குருவாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அவளிடம் கேள்வியோடு நிறையப் பேர் வந்தார்கள். கேட்டவர் கையில் அவள் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுவாள். சிலருக்கு அந்த வேலையிலேயே பதில் கிடைத்தது. சிலர் கண்ணெரிச்சலோடு திரும்பிப் போனார்கள்.

தேர்தல் நாளில்கூட அவள் அடுப்பை விட்டு நகர்வதில்லை. பற்றில்லாதவள் என்று ஊர் சொன்னது. மனைவி இறந்தபின் இங்கே வந்து சேர்ந்த நல்லபெருமாளும் நகர்வதில்லை. அவரையும் ஊர் அப்படித்தான் சொன்னது.

அன்று மத்தியானம்வரை அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

*

மத்தியானப் பந்தியில் நடந்தது இது.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று பாதையில் போயிற்று. வேட்பாளர் பெயரும் சின்னமும் காதைத் துளைத்தன. ஆட்டோ மறைந்ததும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

"நான் போகப்போறதில்லை," என்றாள் செங்கல் சூளைக்காரி ஒருத்தி. "என் ஓட்டு ஊர்ல இருக்கு. போயிட்டு வர்றதுக்குள்ள இங்கே வேலை போயிரும். பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?"

குடை பழுது பார்க்கிறவர் சிரித்தார். "எனக்கு வேலையெல்லாம் போகாது. எல்லாருக்கும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். எங்க தெருவுக்குத் தண்ணி வரலை. ஓட்டுப் போட்டாத்தானே கோவம் வருது? போடாம இருந்தா மனசு பாட்டுக்கு இருக்கு."

சந்தையில் மூட்டை தூக்குகிறவர் கடைசியில் பேசினார். "என் வீட்டுக்கு எவனும் வந்து கேட்டதே இல்லை. பக்கத்து வீடு வரைக்கும் கும்பிட்டுக்கிட்டே வருவான். அங்கேயே திரும்பிருவான். கேக்காதவனுக்குப் போய் எப்படிக் கொடுக்க?"

யாரும் சிரிக்கவில்லை.

செங்கல் சூளைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். "சாமி, நீங்க?"

நல்லபெருமாள் கையில் கரண்டி இருந்தது.

"நான் எல்லாத்தையும் விட்டாச்சும்மா," என்றார்.

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடு மீன்முள் மாதிரி அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவருடைய பங்குக் கஞ்சி ஆறிப்போய்க் கிடந்தது. சாயங்காலம் அடுப்படிக்கு வந்து கேட்டது அதனால்தான்.

*

மறுநாள் பந்தி முடிந்து அவர் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். சாலையம்மா வந்து எதிரே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"என்னைக்கு?"

"நீங்க முதல் தடவை ஓட்டுப் போடாம இருந்த அன்னைக்கு."

இத்தனை வருஷத்தில் அவர் ஊர்க் கதை எதையும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டாள். அவர் அண்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவர் ஊர் நாவல்குளம். விவரம் தெரியாத வயதில் அப்பா போய்விட்டார். அண்ணன் ஆதிநாராயணன்தான் வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவர். மீசை முளைத்ததும் வயலுக்குக் கூட்டிப்போனது அவர். மாரிக்கனியைப் பார்த்துப் பேசிக் கட்டி வைத்ததும் அவர்.

முதல் ஓட்டுப் போடக் கூட்டிப்போனதும் அவர்தான். வரிசையில் அண்ணன் முன்னால், தம்பி பின்னால். அண்ணன் போட்டுவிட்டு வாசலில் நிற்பார். தம்பி வெளியே வந்ததும் விரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பார். "வா, போவோம்," என்பார். யாருக்குப் போட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படித்தான்.

பிறகு ஒருமுறை அண்ணனே பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றார்.

எதிர்த்து நின்றவர் வெள்ளத்துரை. மாரிக்கனியின் உடன்பிறந்த அண்ணன். மாரிக்கனி பிரசவத்தில் செத்துப் பிழைத்தபோது ஓடிவந்து ரத்தம் கொடுத்தவர் அவர்தான். பிள்ளை தங்கவில்லை. அவள் தங்கினாள்.

அண்ணனுக்குப் பூட்டு சாவிச் சின்னம். மச்சானுக்குச் சீப்பு. மாரிக்கனி தலைவாரும்போதெல்லாம் சீப்பைப் புருஷன் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போவாள். அவர் பூட்டை எடுத்து அதன் மேல் வைப்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

நாள் நெருங்க நெருங்கச் சிரிப்பு குறைந்தது.

"எனக்கு என் அண்ணன். உங்களுக்கு உங்க அண்ணன். நீங்க அங்கே போட்டா நான் கோவிக்க மாட்டேன்," என்றாள் மாரிக்கனி. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

ஓட்டுப் போடுகிற அன்று விடிந்ததும் நல்லபெருமாள் யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ் ஏறித் திருச்செந்தூர் போய்விட்டார். எல்லாம் முடிந்தபிறகுதான் வந்தார்.

அண்ணன் தோற்றார். கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் இல்லை. நன்றாகவே தோற்றார்.

"என் ஒரு ஓட்டாலே ஒண்ணும் மாறியிருக்காதும்மா," என்றார் நல்லபெருமாள். இதை அவர் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணன் திட்டினாரா?"

"திட்டியிருந்தாத் தேவலையே. பேச்சை நிறுத்திட்டார். ஒரே ஊர், அடுத்த தெரு. எதிர்ல வந்தா ஒதுங்கிப் போவார். மாரிக்கனி செத்தன்னைக்கு வந்தார். பாடைக்குத் தோள் கொடுத்தார். சுடுகாடு வரைக்கும் எனக்குப் பக்கத்திலேதான் நடந்தார். ஒரு வார்த்தை பேசலை."

அந்தப் பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் பிறகு எந்தத் தேர்தலுக்கும் அவர் போகவில்லை. அன்றைக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பார். அப்புறம் இங்கே வந்துவிட்டார்.

சாலையம்மா ஒரு தேங்காய் நாரை எடுத்துக் கையில் திரித்துக்கொண்டிருந்தாள்.

"திருச்செந்தூர்ல சன்னதியிலே கூட்டமா?"

"உள்ளே போகலை."

"பின்னே?"

"கடற்கரையிலே உட்கார்ந்திருந்தேன்."

"கடலைப் பாத்தா?"

"ஆமா."

"உங்க ஊர்லேருந்து வந்தா எந்தப் பக்கமா வரணும்?"

"பின்பக்கம். முதுகுக்குப் பின்னாலே."

"திரும்பிப் பாத்தீங்களா?"

அண்டாவைத் தேய்த்த கை நின்றது.

"பாத்தேன்."

"ஒரு தடவையா?"

அவர் சாம்பலை அள்ளினார்.

"பின்னாலே யாரு பேச்சுச் சத்தம் கேட்டாலும் பாத்தேன்."

"யாரு வரணும்னு?"

கையிலிருந்த சாம்பல் ஈரமாகி விரலிடுக்கில் வழிந்தது.

"அன்னைக்கு உங்க அண்ணன் என்ன செஞ்சார்?" என்று கேட்டாள் அவள்.

"என்ன செஞ்சிருப்பார்? ஆள் கூட்டிக்கிட்டு அலைஞ்சிருப்பார்."

"பாத்தீங்களா?"

"நான்தான் ஊர்லேயே இல்லையே."

"அப்புறமாவது கேட்டீங்களா?"

"பேசுறதே இல்லையேம்மா."

அவள் எழுந்தாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள்.

"உங்க ஓட்டு இப்ப எங்கே இருக்கு?"

"நாவல்குளத்துலதான்."

"இங்கே வந்து இவ்வளவு நாளாச்சே. மாத்தலையா?"

"தோணலை."

"எல்லாத்தையும் விட்டவர் பேரை மட்டும் அங்கேயே விட்டுட்டு வந்திருக்கீங்க."

அவர் தலை குனிந்தார்.

"ஓட்டு அன்னைக்கு ஊருக்குப் போயிட்டு வாங்க."

"ஓட்டுப் போடவா?"

"நான் அதைச் சொல்லலை. அன்னைக்கு உங்க அண்ணன் என்ன செஞ்சார்னு கேட்டுட்டு வாங்க. எனக்குத் தெரியணும்."

*

ஓட்டு நாள் காலையில் நாவல்குளத்தில் அண்ணன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

நல்லபெருமாள் வாசலில் நின்றார். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினி நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள். மடியிலிருந்த கீரை கீழே கொட்டியது.

"வாங்க தம்பி," என்றாள், நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவரைக் கூப்பிடுகிற மாதிரி.

சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை நின்றாள்.

"அண்ணன் எங்க மதினி?"

"இன்னைக்கு எங்க போயிருப்பாரு? பள்ளிக்கூடத்துக்குத்தான்."

"ஓட்டுப் போடவா?"

"அவரு எங்க போடுதாரு. நிக்கப் போயிருக்காரு."

அவருக்குப் புரியவில்லை. கேட்க வந்ததைக் கேட்டுவிடுவோம் என்று தோன்றியது.

"மதினி, அண்ணன் எலெக்சன்ல நின்னாங்கள்ல, அன்னைக்கு அண்ணன் என்ன செஞ்சாங்க?"

மதினி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கதவில் சாய்ந்துகொண்டாள்.

"நின்னாரு."

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு எதுக்க. வெளிய சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பாங்கள்ல, அதுக்கு இந்தப் பக்கம், புளிய மரத்தடியில. காலையிலயே போயி நின்னுட்டாரு. ஆளுக வந்து வந்து கூப்பிடுதாங்க. 'அண்ணாச்சி, நிக்கது நீங்க, நீங்களே போடலைன்னா எப்படி'ங்காங்க. 'தம்பி வரட்டும், சேந்து போடுதோம்'னுட்டாரு. நல்ல வெயிலு. நான் தண்ணி கொண்டு போனேன். வாங்கி வச்சுக்கிட்டாரு, குடிக்கல. கேட்டைச் சாத்துத வரைக்கும் நின்னாரு."

"ஓட்டே போடலையா?"

"போடல."

"தன் எலெக்சன்லயா?"

"தன் எலெக்சன்லதான்."

மதினி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்கிட்ட யாருமே சொல்லலையே மதினி."

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்டயும், அன்னைக்குக் கூட இருந்த ஆளுககிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க வந்து கேக்காட்டா இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்."

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவும் ஒவ்வொரு எலெக்சனுக்கும் போவாரு. அதே மரத்தடியில நிப்பாரு. கேட்டைச் சாத்தினதும் வந்துருவாரு. தோத்த கோவத்துல போட மாட்டேங்காருன்னு ஊர்ல பேசுதாங்க. பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டாரு. இப்ப முட்டுவலி வேற. நிக்க முடியல. ஆனாலும் போயிருக்காரு."

நல்லபெருமாள் சொம்பைக் கீழே வைத்தார். அந்தத் தேர்தல்களில் பலவற்றுக்கு அவர் இதே ஊரில்தான் இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த தெருவில்.

*

பள்ளிக்கூடத்துக்கு எதிரே கட்சிக்காரர்கள் பந்தல் போட்டிருந்தார்கள். கோலப்பொடி மாதிரி வெள்ளையாக ஒரு கோடு பாதையின் குறுக்கே ஓடியது. அதை ஒட்டி ஒரு போலீஸ்காரர் நின்றார்.

கோட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் அண்ணன் நின்றிருந்தார். வெளுத்த வேட்டி. கையில் ஒரு கம்பு. ஒரு காலை மடக்கி மரத்தில் சாய்ந்து நின்றார்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்து நிற்கவில்லை. பாதையைப் பார்த்து நின்றார்.

அதனால் தம்பியை வெகு தூரத்திலேயே பார்த்துவிட்டார். அசையவில்லை. நல்லபெருமாளுக்குத்தான் அந்தப் பாதை நீண்டுகொண்டே போயிற்று. அண்ணன் கண் தன்மேல் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. சிறுவயதில் நீச்சல் பழகியபோது கரையிலிருந்து அந்தக் கண் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கிட்டே வந்து நின்றார்.

"வந்துட்டியா," என்றார் அண்ணன்.

"வந்துட்டேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பாதையைப் பார்த்தார்கள்.

"மெலிஞ்சிட்டியே."

"கஞ்சிதானே சாப்பாடு."

"ம்."

புளியம்பூ ஒன்று அண்ணன் தோளில் விழுந்து ஒட்டிக்கொண்டது. நல்லபெருமாளுக்கு அதை எடுத்துவிடக் கை நீண்டது. எடுக்கவில்லை.

"அண்ணே, நான் மச்சானுக்கும் போடல."

"தெரியும்."

"ரெண்டு பேரையும் நோகடிக்கக் கூடாதுன்னுதான்..."

"போட்டிருக்கலாம்ல."

"யாருக்கு?"

"வெள்ளத்துரைக்கே போட்டிருக்கலாம்ல. ஒரு மாசம் உன்னத் திட்டியிருப்பேன். பொறவு மாரிக்கனி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு நானே வீட்டுக்கு வந்திருப்பேன். நீ வரவே இல்லியேல. வராதவன எங்கன நிறுத்தி வச்சுத் திட்ட?"

அண்ணன் குரல் உயரவில்லை. இதை எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டவர் மாதிரி சொன்னார்.

"நீங்க தேடி வருவீங்கன்னு இருந்தேன்," என்றார் நல்லபெருமாள்.

சொன்னபிறகுதான், சொன்னது என்ன என்று அவருக்கே தெரிந்தது. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"எங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"திருச்செந்தூர்க் கடற்கரையில. நாள் பூரா."

அண்ணன் கம்பால் மண்ணைக் கிளறினார்.

"எனக்கும் தோணிச்சு. சைக்கிள எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் போயித் தேடுவமான்னு. நான் இங்கன இருந்து நகந்தா, அந்நேரம் பாத்து நீ வந்துட்டுப் போயிருவியோன்னு நின்னுட்டேன்."

பந்தலில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். ஒரு கிழவியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டு பேர் கோட்டைத் தாண்டிப் போனார்கள்.

"இந்தத் தடவ யாரு யாரு நிக்கா?" என்று கேட்டார் அண்ணன்.

"தெரியாது. உங்களுக்கு?"

"நான் எங்க அதெல்லாம் பாத்தேன்."

போலீஸ்காரர் பக்கத்தில் வந்தார். "பெரியவரே, ஓட்டுப் போடுறதுன்னா உள்ளே போங்க. ஒவ்வொரு எலெக்சனுக்கும் இங்கே நிக்கிறீங்களாமே. இங்கே நிக்கக் கூடாது."

"போடுதோம் ஐயா," என்றார் அண்ணன். "ஆள் வந்தாச்சு."

நல்லபெருமாளின் தோளில் கை வைத்துக்கொண்டு அண்ணன் கோட்டைத் தாண்டினார். வரிசையில் அண்ணன் முன்னால், தம்பி பின்னால். அவர்களுக்கு முன்னால் ஊர்த் தையல்காரர் நின்றார். தேர்தலில் யார் யார் நிற்கிறார்கள் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரு வசவும் சொன்னார். வரிசை நகர்கிறவரை அவர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

*

அண்ணன் இருக்கச் சொன்னார். மதினி முருங்கைக்கீரையும் சோறும் போட்டாள். சாப்பிட்டதும் நல்லபெருமாள் எழுந்துகொண்டார்.

"அங்க அம்மா ஒத்தையில இருப்பாங்க. அடுத்த வாரம் வாரேன்."

"வா," என்றார் அண்ணன்.

தருமசாலைக்கு வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்து இடம் வெறிச்சோடிக் கிடந்தது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சாலையம்மா மறுநாளைக்கான அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"என்ன செஞ்சாராம்?"

"நின்னாராம்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். புளியமரம், தண்ணீர்ச் சொம்பு, கடற்கரை, போலீஸ்காரர். அவள் தலை நிமிராமல் கேட்டாள். விரல் கல்லைத் தேடிக்கொண்டே இருந்தது.

"போட்டுட்டு வெளியே வந்ததும் அண்ணன் என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கலை. விரலைப் பாத்தார். வா போவோம்னார்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"யாருக்குப் போட்டேன்னு கேக்கலையா?"

"அண்ணன் அதெல்லாம் கேக்க மாட்டார்."

அவள் வெளியே பார்த்தாள். பாதையில் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. புருஷன், பெண்சாதி, இரண்டு பேர் விரலிலும் மை. ஒருவர் மையை ஒருவர் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தபடி போனார்கள். அவர்கள் திருப்பத்தில் மறைகிறவரை சாலையம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்ல கேட்டாங்க," என்றாள்.

அவளுக்கு ஒரு வீடு இருந்தது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

"கல்யாணமான வருஷம். யாருக்குப் போடணும்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. நான் என் மனசுக்குப் பட்டவங்களுக்குப் போட்டேன். ஒரு பொம்பளை நின்னுச்சு. நல்லாப் பேசும். திரும்பி வந்ததும் வாசல்லயே வச்சுக் கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்லத் தெரியலை."

அவளுடைய இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். அண்டாவைத் தூக்கும்போது அந்தக் கைக்கு மட்டும் துணை வேண்டும். கிணற்றடியில் விழுந்திருப்பாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நல்லபெருமாள் அந்தக் கையைப் பார்த்தார். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்.

"அந்த வீட்டை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆச்சு. பயமெல்லாம் போயிருச்சு. என் பேரு இங்கேதான் இருக்கு. நீங்க இங்கே வர்றதுக்கு முந்தி ரெண்டு மூணு தடவை யாருக்கும் சொல்லாம கிளம்பிப் போயிருக்கேன். வரிசையைப் பாத்ததும் திரும்பி வந்துருவேன். நீங்க எல்லாரும் அதைப் பெரிய ஞானம்னு நினைச்சுக்கிட்டீங்க. நானும் பேசாம இருந்துட்டேன்."

அவள் முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். ஒரு கல்லைக்கூடப் பொறுக்கவில்லை.

"என்னைக் கூட்டிட்டுப் போக ஆள் இருந்தாங்க, ஐயா. போட்டுட்டு வர்றவரைக்கும் வெளியே நிக்க ஆள் இல்லை."

சந்தைப் பக்கமிருந்து வந்த ஒருவர், இன்னும் வரிசை நீளமாகத்தான் இருக்கிறது, ஆறு மணிக்குள் முடியாது போலிருக்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

நல்லபெருமாள் எழுந்தார். அடுப்பில் மிச்சமிருந்த கங்குகளைத் தண்ணீர் தெளித்து அணைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"எந்தப் பள்ளிக்கூடம், அம்மா?" என்று கேட்டார்.